ஆலயத்திலேயே வளர்ந்த பிள்ளை

கடவுளோடு தனிப்பட்ட உறவு என்கிறார்களே, அதை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் திறந்து காட்டுவது 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தை. சிறுவன் சாமுவேல் ஆலயத்தில் வளர்கிறான். தேவனுடைய பெட்டி இருக்கும் அதே இடத்தில் படுத்துத் தூங்குகிறான். காலையில் ஆலயக் கதவுகளைத் திறக்கிறான், வயதான ஆசாரியர் ஏலிக்குப் பணிவிடை செய்கிறான். இவ்வளவுக்கும் பிறகு 7ஆம் வசனம் சொல்கிறது: சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்.

அந்த வசனத்தில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. நிலவரத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பையன் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்து எழுந்து ஓடுகிறான். போய்ப் படு என்கிறார் ஏலி. மறுபடியும் அதே. மூன்றாம் முறைதான் கண் மங்கிப்போன அந்தக் கிழவருக்குப் புரிகிறது, இது வேறு யாரோ கூப்பிடுவது என்று. இனிக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்."

இந்தக் கதையில் முதலில் பேசியவர் கடவுள். பையன் எதையும் தேடிப் போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான். உறவு தொடங்க வேண்டுமே, நான் என்ன செய்ய வேண்டும் என்று பதறுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நானும் ஆலயத்தில் வளர்ந்த பிள்ளைதான். ஞாயிறு பள்ளி, வசனப் போட்டி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம் என்று எதையும் விட்டதில்லை. கூட்டத்தில் யாராவது ஜெபிக்க வேண்டும் என்றால், "அக்கா, நீங்க பண்ணுங்க" என்று என் பக்கம்தான் திரும்புவார்கள். எனக்கு வார்த்தைகள் தடையில்லாமல் வரும். அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே என்று ஆரம்பித்தால் எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எங்கே ஆமென் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போயிருந்தது. அந்த வார்த்தைகளில் பொய் எதுவும் இல்லை. விசுவாசப்பிரமாணத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் நான் நம்பினேன். ஆனால் என் அறைக்குள் தனியாக உட்கார்ந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சபைக்காக, நாட்டுக்காக, நோயாளிகளுக்காக என்று சொல்லி முடித்து எழுந்துவிடுவேன். எனக்கும் அவருக்கும் நடுவில் பேச எதுவுமே இல்லை.

அப்பா நுரையீரல் நோயில் படுத்தபோதுதான் அது மாறியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சுகத்துக்காக ஜெபித்தார்கள், நானும் ஜெபித்தேன். ஒரு ராத்திரி, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனபிறகு, வார்டை ஒட்டியிருந்த மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் லிஃப்டில் போய்விடுவதால் அந்தப் படிக்கட்டில் ஆள் இருக்காது. வழக்கம்போல ஆரம்பிக்கப் பார்த்தேன். பரம பிதாவே என்ற சொல்லைத் தாண்டி எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சத்தமாகவே சொன்னேன்: "எனக்கு உம்மேல கோபமா இருக்கு. நீர் கேக்குறீரான்னே தெரியல. ரொம்ப பயமா இருக்கு."

அவ்வளவுதான். சமாதானம் வந்து என்னை மூடிக்கொள்ளவில்லை, வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. அப்பா சில நாட்களில் இறந்துபோனார். ஆகவே இதைப் பதில் கிடைத்த ஜெபம் என்று நான் சாட்சி சொல்வதில்லை. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களைச் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, எதிரே ஒருவர் இருக்கிறார் என்பதைப் போல நான் பேசினேன். இல்லாத ஒருவர்மேல் கோபப்பட முடியாது. அன்றைக்குத் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை.

அதனால் உறவில் ஆழமாவதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான்: கடவுளிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். பொருத்தமானதை அல்ல, உள்ளதை. வாசிப்பு, மௌனம், பாவ அறிக்கை, சபை எல்லாமே எனக்கு இந்த ஒன்றைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து கற்றுக்கொடுத்தன.

அப்படிப் பேசும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்றால், சுவிசேஷத்திலிருந்துதான். நாம் நம் தகுதியால் கடவுளிடம் ஏறிப் போவதில்லை என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படை. அவரே இயேசு கிறிஸ்துவில் இறங்கி வந்தார், நம் பாவத்துக்காகச் சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். உயிரோடிருப்பதால் அவரிடம் பேசலாம். மன்னிப்பு கிருபையாகக் கிடைத்திருப்பதால், எதையும் மறைக்காமல் பேசலாம். மனந்திரும்புதல் என்று நாம் சொல்வதும் இதற்குள் வருகிறது. லூக்கா 18இல், இயேசு சொன்ன உவமையில், வரி வசூலிக்கும் ஆயக்காரன் தூரத்தில் நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று ஒரே வரிதான் சொன்னான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனவன் அவன்தான் என்றார் இயேசு. தன் பக்தியைச் சொல்லி நீளமாக ஜெபித்த பரிசேயன் அல்ல. தொடங்க நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். அதைவிடச் சிறந்த சொற்களை யாரும் கண்டுபிடித்துத் தரப்போவதில்லை.

இன்னொன்று. என் இரட்சிப்பின் நாள் எது என்று எனக்குத் தெரியவில்லையே என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்குத் தேதி சொல்ல முடிகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1728இலேயே குருப்பட்டம் பெற்றவர், மிஷனரியாக ஜார்ஜியாவுக்குப் போய் மனம் உடைந்து திரும்பியவர். 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு விருப்பமே இல்லாமல் போகிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கிறார். தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டது என்று தன் நாட்குறிப்பில் எழுதுகிறார் வெஸ்லி. அதே குறிப்பில் அவர் எழுதிய இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. வீடு திரும்பியதும் சோதனைகள் அவரை அலைக்கழித்தன. இது விசுவாசம் என்றால் மகிழ்ச்சி எங்கே என்ற கேள்வி அன்றே எழுந்தது. இந்தப் பக்கம் பவுலின் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவைப் பாருங்கள். அவனுக்குத் தேதியே கிடையாது. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனுக்குள்ளும் இருக்கிறது என்று மட்டும் பவுல் எழுதுகிறார். இரண்டு பேரையும் நடத்தியவர் ஒருவரே. என்றைக்கு என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, இன்றைக்கு அவரிடம் பேசுகிறேனா என்று பார்ப்பது நல்லது.

சரி, வேதம் வாசிப்பதற்கு வருகிறேன். உறவு என்றால் நாம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் ஆகாது. ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் மாற்கு சுவிசேஷத்தைத்தான் சொல்வேன். 16 அதிகாரங்கள். சத்தமாக வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் ஒரே மூச்சில் முழுவதும் வாசித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பகுதியாக மெதுவாகத் திரும்பி வர வேண்டும். இயேசு இங்கே என்ன செய்கிறார், யாரைப் பார்க்கிறார், என்ன கேட்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும். உடனே எனக்கு என்ன வாக்குத்தத்தம் இருக்கிறது என்று தேடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாம் நேசிக்கும் ஒருவர் எழுதிய கடிதத்தை அப்படியா வாசிப்போம்?

என்னை நெடுநாள் பிடித்து வைத்துக்கொண்ட இடம் மாற்கு 10. பர்திமேயு என்ற குருடன் கத்திக் கூப்பிடுகிறான். இயேசு நின்று, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். பார்வையில்லாதவனிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்பானேன் என்று முதலில் எனக்குத் தோன்றியது. கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தால், அதே அதிகாரத்தில் யாக்கோபிடமும் யோவானிடமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் உமது மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார வேண்டும் என்றார்கள். கேட்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லை என்றார் இயேசு. 15ஆம் அதிகாரத்தில் அவருடைய வலதுபக்கமும் இடதுபக்கமும் சிலுவையில் தொங்கியவர்கள் இரண்டு கள்ளர்கள். பர்திமேயு கேட்டதோ, நான் பார்வையடைய வேண்டும் என்பது. அது கிடைத்ததும் எருசலேமுக்குப் போகும் அந்த வழியிலேயே அவர் பின்னால் போனான். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு பருவம் முழுக்க யோசித்திருக்கிறேன். முதலில் எழுதிய பதில்கள் எல்லாம் யாக்கோபு, யோவான் வகையைச் சேர்ந்தவை. அவற்றையும் அவரிடமே படித்துக் காட்டினேன்.

12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசிய சபைத் துறவி இரண்டாம் கியூகோ இப்படிப்பட்ட வாசிப்பை நான்கு படிகளாக எழுதிவைத்தார்: வாசி, சிந்தி, ஜெபி, கடைசியில் அவர் முன்னிலையில் சும்மா இரு. நான்காவது படிதான் எனக்கு இன்றும் கடினம். நான் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். ஒரு வேலை முடிந்தால் அடுத்தது எது என்று மனசு தேடும். ஆனாலும் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் அவரோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் மற்ற மூன்றும் என்று இப்போது தோன்றுகிறது.

எப்போது, எங்கே என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனிமையான இடத்துக்குப் போனார் என்கிறது மாற்கு 1:35. அதற்கு முந்தின மாலை ஊர் முழுதும் வாசலில் கூடியிருந்தது என்பதையும் சேர்த்து வாசியுங்கள். வேலை அதிகமானதால் தனிமையை விட்டுவிடவில்லை. எனக்கு வீட்டில் காலை நேரம் அமையாது. அலுவலகத்துக்குக் கொஞ்சம் முன்பே போய், காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால், கதவைப் பூட்டி ஜெபி என்று இயேசு சொன்ன அறைவீடு எனக்கு அதுதான்.

இனி சங்கீதங்கள். இவற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஆனால் நாம் கூட்டமாகப் பாடுவதில் புலம்பலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. அது கடைசியில் துதியாகத் திரும்புகிறது. 88ஆம் சங்கீதமோ திரும்புவதே இல்லை. இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. சமாதானமான ஒரு முடிவை யாரும் கொண்டுபோய் ஒட்டவில்லை. அப்படியே வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து நான் சொன்னதைவிடக் கடுமையான வார்த்தைகள் அதில் இருக்கின்றன. அப்பா போனபிறகு பல வாரங்கள் நான் ஜெபித்தது 88ஆம் சங்கீதத்தை மட்டும்தான். சிலுவையில் இயேசுவே எடுத்துக்கொண்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை என்பதை நினைத்தால், புலம்பலை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லத் துணியக் கூடாது.

எழுதிவைத்த ஜெபங்களை நான் இப்போது முன்பைவிட அதிகம் நேசிக்கிறேன். சொந்த வார்த்தைதான் உண்மை, மனப்பாடம் வெறும் சடங்கு என்று சிலர் பேசுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடும் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு கொடுத்தது சொல்லக்கூடிய வார்த்தைகளைத்தான். எனக்குச் சொல் வராத நாளில் பரமண்டல ஜெபம் என்னைத் தாங்குகிறது. "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற வரியை முழு மனதோடு சொல்ல முடியாத நாட்கள் உண்டு. அப்போது அங்கேயே நிறுத்தி, இதை இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை என்று சொல்கிறேன். அதுவும் ஜெபம்தான்.

வறட்சி வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தொடக்கத்தில் இருக்கும் உற்சாகம் குறைந்தவுடன் பலர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உனக்குள் ஏதோ பாவம் இருக்கிறது என்று உடனே சொல்வதற்கும் ஆட்கள் இருப்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம், சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் அதையேதான் சொன்னார்கள், கர்த்தர் கடைசியில் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்ற தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியது அதற்கப்புறம்தான். ஆகவே ஜெபம் வறண்டுபோனால் நான் முதலில் பார்ப்பது சரியாகத் தூங்கினேனா என்பதை. அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் மறைந்து 10 ஆண்டுகளுக்குப் பிறகு, 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே அவர் ஜெபித்தும் உழைத்தும் வந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அதை வாசித்துச் சிலர் அதிர்ந்தார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

கடவுள் உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேட்பார்கள். காதில் விழும் குரலை நான் கேட்டதில்லை. வாசித்த வசனம் வேறொரு நேரத்தில் வந்து நிற்கும். மனசாட்சி ஒரு விஷயத்தை விடாமல் தொடும். முதிர்ந்த ஒரு சகோதரி சாதாரணமாகச் சொன்னது உள்ளே போய்த் தங்கும். அது வேதத்துக்கும் இயேசுவின் குணத்துக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன், என்னை நன்றாக அறிந்தவர்களிடம் சொல்வேன், அவசரப்பட மாட்டேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கர்த்தர் உனக்கு இப்படிச் சொல்லச் சொன்னார் என்று உங்கள் திருமணத்தையோ பணத்தையோ வேலையையோ யாராவது தீர்மானிக்க வந்தால், பணிவாக மறுத்துவிடுங்கள். ஏலி அந்தப் பையனிடம், நீயே போய்க் கேள் என்றுதான் சொன்னார். நல்ல வழிகாட்டிக்கு அது ஒரு அடையாளம்.

இதெல்லாம் எனக்கும் கடவுளுக்கும் நடுவில் மட்டும் இருந்துவிடும் என்றுதான் எண்ணியிருந்தேன். அப்படி அவர் விடவில்லை. அப்பாவின் சிகிச்சையில் எடுத்த ஒரு முடிவை ஒட்டி அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமல், காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்கும் இடத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தபிறகு அதைக் கடக்க முடியவில்லை. அவரை மன்னிக்க எனக்கு விருப்பமில்லை என்று ஆண்டவரிடம் சொன்னேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். பிறகு அண்ணன் பெயரை மட்டும் சொல்ல முடிந்தது. அப்புறம் அவருடைய பிள்ளைகளுக்காக. அவருக்கும் அன்றைக்குப் பயமாகத்தான் இருந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, ஜெபத்தின் நடுவில் தோன்றியது. நானே போன் செய்தேன். "சொல்லும்மா" என்றார், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அப்பாவுடைய மூக்குக்கண்ணாடி உன்னிடம்தானே இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது அண்ணா என்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறோம். சிகிச்சை பற்றி இன்னும் பேசவில்லை. ஆனால் அந்த அழைப்புக்குப் பிறகு நான் காரில் உட்கார்ந்து ஜெபித்தபோது, அதுவரை அடைத்திருந்த ஏதோ ஒன்று இல்லாமல் போயிருந்தது.

தனியாக வாசித்து, தனியாக ஜெபித்து இவ்வளவு தூரம் யாரும் வர முடியாது என்றும் நினைக்கிறேன். எனக்கு ஒரு சிறிய ஐக்கியக் கூட்டம் இருக்கிறது, நான்கைந்து பெண்கள். இந்த வாரம் ஜெபிக்கவே இல்லை என்று அங்கே சொல்லலாம், யாரும் திகைக்க மாட்டார்கள். திருவிருந்தில் கையில் அப்பம் வைக்கப்படும்போது, என் உணர்ச்சி எப்படி இருந்தாலும் அது எனக்குக் கொடுக்கப்படுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சபையைத் தேடும்போது பிரசங்கத்தையும் பாடலையும் மட்டும் பார்க்காமல், அங்கே ஒருவர் தன் சந்தேகத்தைச் சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் மகனைச் சுகமாக்கினார்.

இப்போது எரேமியா வாசித்துக்கொண்டிருக்கிறேன். 20ஆம் அதிகாரத்தில் நிற்கிறேன். 13ஆம் வசனத்தில், கர்த்தரைப் பாடுங்கள், கர்த்தரைத் துதியுங்கள் என்கிறார். மூச்சுவிடக்கூட இடமில்லாமல் 14ஆம் வசனத்தில், நான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக என்கிறார். இரண்டையும் ஒரே மனிதர், ஒரே கடவுளிடம் சொல்கிறார். விளக்கவுரைகளில் சிலவற்றைப் பார்த்தேன், திருப்தியில்லை. நாளைக் காலை ஆண்டவரிடமே கேட்கப் போகிறேன்.